வயர்லெஸ் மவுசுக்கு மூன்று வைத்தியம்

"தம்பி, செத்த இங்க வாங்க. மறுபடியும் நின்னுருச்சு."

கிருபாபாய் கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டிச் சொன்னாள். எதிர் அறையில் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்த வைகுண்டராஜ் ரிசீவரைக் கையால் பொத்தினான்.

"இன்னைக்கு எத்தனாவது தடவைக்கா?"

"நாலாவது."

"மணி பதினொண்ணுகூட ஆகலையே."

பேச்சை முடித்துக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்புக் கால் படக்கூடாது என்பது அவன் அப்பா போட்ட சட்டம். வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே மவுசைப் பிடித்து டொக் டொக்கென்று ரெண்டு தட்டுத் தட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு இழுப்பு இழுத்தான். திரையில் அம்புக்குறி துள்ளிக்கொண்டு ஓடியது.

"இந்தா, ஓடுதுல்ல?"

"ஓடுது. நான் தள்ளுனப்ப ஓடலையே தம்பி."

"எனக்கு ஒரு நாளும் நின்னது இல்லக்கா. உங்க கைக்கு மட்டும் எப்படி நிக்குது?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விட்ட வரியிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். 

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் வைகுண்டராஜின் அப்பா ராஜரத்தினத்தின் பேண்டேஜ் துணிக் கம்பெனி. கிருபாபாய் அங்கே டைப்பிஸ்ட் ஆகி இருபத்தொரு வருஷம். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற டெண்டரும் கொட்டேஷனும் அடித்துவிட்டு, சாயங்காலம் பஸ் ஏறிப் போவாள். பதினெட்டு வருஷம் டைப்ரைட்டரில். கம்ப்யூட்டர் வந்து மூன்று வருஷம். அதையும் அவள்தான் பழகிக்கொண்டாள். ஒரே ஒரு தடவை, அம்பு எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பட்டனை அழுத்தப்போய், பத்தொன்பது பக்க டெண்டர் ஒன்று அழிந்துபோனது. திரும்ப முழுவதையும் உட்கார்ந்து அடித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கட்டுப்பாடு. அம்பைக் கண்ணால் பார்த்து, அது போக வேண்டிய இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் விரல் பட்டன்மேல் இறங்கும்.

பழைய மவுசுக்கு வால் இருந்தது. அந்த வாலை ஆடி மாசத்தில் குடோனிலிருந்து வந்த நிஜ எலி ஒன்று கடித்துத் துண்டாக்கிவிட்டது. "கடிக்க வாலே இல்லாததா வாங்கிட்டு வாரேன்" என்று சிங்கப்பூர் போன வைகுண்டராஜ் அங்கிருந்து வாங்கி வந்ததுதான் இந்த வயர்லெஸ் மவுஸ். கம்ப்யூட்டரோடு கம்பியால் சேர்ந்த சின்னப் பெட்டி ஒன்று மேஜைமேல் இருக்கும். மவுசுக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் கம்பி கிடையாது. கூட வந்த விளக்கத் தாள் முழுவதும் சீன எழுத்து.

வந்து பத்து நாள்தான். அதற்குள் தினம் ஆறேழு தடவை நின்றது. அன்று திங்கட்கிழமை. மத்தியானம் ராஜரத்தினம் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா கிருபா, ஒனக்கு இது ஒத்துவரல போலருக்கே. மதுரையில ஒரு ஆபரேட்டரு இருக்கானாம். ஒண்ணாந் தேதி வரச் சொல்லலாம்னு வைகுண்டம் சொல்லுதான். நீ பேக்கிங்ல போய் மேற்பார்வை பாரு. சம்பளத்துல ஒரு ரூவா கொறைக்க மாட்டேன்."

"அங்கன பஞ்சு பறக்குமே முதலாளி."

"மூக்குல துணியக் கட்டிக்க. நம்மகிட்டத் துணிக்கா பஞ்சம்?"

அவர் நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். ஆனால் சேர்ந்த புதிதில் அவள் பேக்கிங்கில் மூன்று மாசம் இருந்து பார்த்திருக்கிறாள். மூச்சிழுப்பு வந்து ராத்திரி பகல் உட்கார்ந்தே கிடந்தாள். "பஞ்சுப் பக்கம் போனா மூச்சு நிக்கும்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் கறாராகச் சொன்ன பிறகுதான் டைப் அடிக்க வந்தாள். பேக்கிங்குக்குப் போ என்றால் வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம். நாற்பத்தாறு வயசில் வேறு எங்கே போய் நாற்காலி கேட்பது?

ஒன்றாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

முதலில் அவள் மவுசைக் கவிழ்த்து, வயிற்று மூடியைத் திருகி, உள்ளே இருந்த உருண்டையை எடுத்துத் துடைத்தாள். இந்தக் கம்பெனியில் எந்தச் சாமானைத் திறந்தாலும் உள்ளே பஞ்சு இருக்கும். இதில் இல்லை. சரி, செல்லில்தான் கோளாறு என்று, மறுநாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைத்தெருவில் புதிதாக இரண்டு பென்சில் செல் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் போடவில்லை. மவுஸ் நிற்கட்டும் என்று காத்திருந்து, நின்றதும் போட்டாள். மூடியை அமுக்கி மூடி, மேஜையில் வைத்துத் தள்ளினாள். அம்பு ஓடியது.

"தம்பி, செல்லுதான் தம்பி. இப்ப நல்லா ஓடுது."

"பாத்தீங்களா? ஒண்ணுமில்லாததுக்குப் போய்..." என்றான் வைகுண்டராஜ்.

அரை மணி நேரத்தில் மறுபடி நின்றது. இந்தத் தடவை அவள் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஒரு தடவை கூடிப்போகும். மவுசை எடுத்து உதறினாள், உள்ளங்கையில் தட்டினாள். அசையவில்லை.

அவள் தட்டுகிற சத்தம் ஜன்னல் வழியாக வெளியே நின்ற சங்கிலிப்பாண்டிக்குக் கேட்டது. அவர் கேட்டில் காவலுக்கு இருப்பவர். அதற்கு முன்னால் போலீசில் வயர்லெஸ் பிரிவில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஏட்டையா.

"என்ன தாயி, உள்ள தேங்கா ஒடைக்கிற மாதிரி சத்தம் கேக்குது?"

"இந்த வயர்லெஸ் மவுசு நின்னு நின்னு போகுது ஏட்டையா."

"என்னது, வயர்லெஸ்ஸா?" செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார். "இருபத்தாறு வருசம் வயர்லெஸ்ஸோட குடும்பம் நடத்துனவன் கேட்டுல நிக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு ஒருத்தருக்கும் தோணல. இதுக்கு லைசென்ஸ் இருக்கா?"

"எலிக்கு எதுக்கு ஏட்டையா லைசென்ஸு?"

"எலியானா என்ன, யானையானா என்ன? வயர்லெஸ்ஸுன்னா வயர்லெஸ்தான். இதுக்கு ஏரியல் எங்க?"

அவள் மேஜைமேல் இருந்த சின்னப் பெட்டியைக் காட்டினாள். ஏட்டையா உச்சுக் கொட்டினார்.

"தரையோட தரையா வச்சா எப்படி எடுக்கும்? தேவதானத்து மலையடிவாரத்துல எங்க செட்டு எடுக்காது. மரத்து மேல ஏரியலக் கட்டுனோம் பாருங்க, மதுரை பக்கத்து வீட்டுல பேசுற மாதிரிக் கேட்டுச்சு."

பெட்டியை எடுத்து, அதன் கம்பி எட்டுகிற மட்டும் இழுத்து, பக்கத்தில் நின்ற இரும்பு பீரோவின் தலையில் வைத்தார். பிறகு மவுசைக் கையில் எடுத்தார். எடுத்தவர் மேஜையில் வைத்துத் தள்ளவில்லை. வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கினார்.

"ராஜபாளையம் கண்ட்ரோல், ராஜபாளையம் கண்ட்ரோல், சத்தம் கேக்குதா? ஓவர்."

கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பேசாது ஏட்டையா. கீழ வச்சுத் தள்ளணும்."

"பழக்கம் தாயி. அமுக்காம எந்த வயர்லெஸ் பேசும்?"

வைத்துத் தள்ளினார். அம்பு திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனது.

"பாத்தியளா? எல்லாம் உசரம். உசரத்துல இருக்கு சூட்சுமம்." கேட்டுக்குத் திரும்பிப் போகும்போது அவர் நடையில் பழைய விறைப்பு இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. பெட்டி பீரோ உச்சியிலேயே இருந்தது. மவுஸ் மத்தியானத்துக்குள் மூன்று தடவை நின்றது.

மூன்றாவது தடவை நின்று கிடந்தபோது டீ கொண்டுவந்த அழகுத்தாய் தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். பெருக்குவதும் டீ வாங்கி வருவதும் அவள் வேலை. கம்பெனியில் யாருக்கு என்ன உடம்பு, யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மவுசு சங்கதி தெரியாமலிருக்குமா?

"யக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியளே?"

"சொல்லுட்டி."

"இது கண்ணுபட்டுப் போச்சு. சிங்கப்பூர்ச் சாமானு. வந்த அன்னைக்கு பேக்கிங்ல இருக்கிற அம்புட்டு பேரும் வரிசையா வந்து வாயப் பொளந்து பாத்துட்டுப் போனாளுவ. வாலு இல்லாம எப்படிட்டி ஓடுது, எப்படிட்டி ஓடுதுன்னு கேட்டுக் கேட்டே நிப்பாட்டிட்டாளுவ."

"எனக்கு அதுலெல்லாம் நம்பிக்கை இல்லன்னு ஒனக்குத் தெரியாதா அழகு? நான் ஜெபம் பண்ணியிருக்கேன்."

"நீங்க ஜெபம் பண்ணுங்க, நான் சுத்திப் போடுதேன். ரெண்டுல எது முந்துதோ முந்தட்டும்."

"தம்பி பாத்தா சத்தம் போடுவாரு."

"அவிய சாப்பிடப் போயிருக்காவ."

ஓடிப்போய்க் கைநிறைய உப்பும் மூன்று மிளகாயும் கொண்டுவந்தாள். இடது கையில் மவுசை எடுத்துக்கொண்டாள். வலது கை உப்பு அதைச் சுற்றி மூன்று தடவை இந்தப் பக்கமும் மூன்று தடவை அந்தப் பக்கமும் போனது. "பேக்கிங் கண்ணு, மில்லுக் கண்ணு, ரோட்டுல போறவ கண்ணு" என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். துப்ப வாயெடுத்தவளை, "ஏட்டி, கம்ப்யூட்டர் ரூமுட்டி" என்று கிருபாபாய் தடுத்தாள். துப்புகிற பாவனை மட்டும் செய்துவிட்டு மவுசைக் கீழே வைத்தாள்.

"தள்ளிப் பாருங்க."

கிருபாபாய் தள்ளினாள். ஓடியது.

"நான் சொன்னேம்லா?" என்றாள் அழகுத்தாய், உப்பை அடுப்பில் போடப் புறப்பட்டபடி.

"நில்லுட்டி. இதை எப்படிப் பிடிச்ச நீ?"

"எப்படிப் பிடிக்கதா? கீழ விழுந்து தொலைஞ்சா ஆரு பதில் சொல்லதுன்னு இறுக்கிப் பிடிச்சேன்."

"அப்ப டொக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு."

"நான் ஒண்ணும் ஒடைக்கலக்கா."

"ஒடைக்கலட்டி, நீ போ."

அவள் போன பிறகு கிருபாபாய் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். செல் மாற்றினால் ஓடுகிறது. பீரோமேல் வைத்தால் ஓடுகிறது. உப்பைச் சுற்றினாலும் ஓடுகிறது. மூன்று வைத்தியமும் ஒரே நோயைத் தீர்க்குமா? தீர்த்த நோய் அரை மணியில் திரும்ப வருமா? அப்படியென்றால் மூன்றிலும் மருந்து வேறு ஏதோ ஒன்று. மூடியை மூட அவள் அமுக்கினாள். ஏட்டையா போலீஸ் பழக்கத்தில் அமுக்கினார். அழகுத்தாய் பயத்தில் அமுக்கினாள். வைகுண்டராஜ் எப்போது வந்தாலும் கையை வைக்கும்போதே டொக் டொக்கென்று ரெண்டு தட்டுத் தட்டித்தான் ஆரம்பிப்பான்.

அமுக்காமல் தள்ளுகிற ஆள் இந்தக் கம்பெனியில் ஒருத்திதான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். அம்பைத் திரையின் அடி மூலையில், எதை அழுத்தினாலும் எதுவும் அழியாத காலி இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டு விருதுநகர் டெண்டரை அடிக்கத் தொடங்கினாள். எட்டு நிமிஷம் கழித்துத் தள்ளினாள். ஓடியது. மறுபடி கையை எடுத்துப் பன்னிரண்டு நிமிஷம் அடித்தாள். தள்ளினாள். அசையவில்லை. ஒரே ஒரு தடவை அழுத்தினாள். ஓடியது.

சாயங்காலத்துக்குள் ஐந்து தடவை செய்து பார்த்தாள். பெட்டியை பீரோமேல் வைத்துப் பார்த்தாள், மேஜைக்கு இறக்கிப் பார்த்தாள். பழைய செல்லைப் போட்டும் பார்த்தாள். கணக்கு மாறவில்லை. பத்து நிமிஷம் கை படாமல் கிடந்தால் அது தூங்கிவிடுகிறது. எவ்வளவு தள்ளினாலும் எழுந்திருக்காது. அழுத்தினால்தான் எழும். செல் சீக்கிரம் தீராமலிருக்க, மவுசைச் செய்தவன் அப்படி வைத்திருப்பான் போல. வைகுண்டராஜ் உட்கார்ந்தால் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஆடுவான், கை மவுசை விட்டு எடுக்கவே மாட்டான். அவனுக்கு எப்படி அது தூங்கும்? பக்கம் பக்கமாக டைப் அடிக்கிறவளுக்குத்தான் தூங்கும்.

வியாழக்கிழமை காலையில் அவனிடமே சொன்னாள். அவன் பாதி கேட்டுவிட்டு வாட்சைப் பார்த்தான்.

"சரிக்கா, இருக்கட்டும். மதுரைக்காரருட்ட வரச் சொல்லியாச்சே. சொன்ன பேச்ச மாத்துனா நல்லாவா இருக்கும்?"

"என்னைய மாத்துனது இது நிக்குதுன்னுதான தம்பி?"

"இப்ப அப்பாட்டப் போய் இதச் சொன்னா, என்னத்தையோ சாக்குச் சொல்லுதீங்கம்பாரு. விட்டுருங்க."

அவள் விடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ராஜரத்தினம் தானாகவே வந்தார், பேக்கிங்கில் அவளுக்கு மேஜை போட்டாயிற்று என்று சொல்வதற்கு. பின்னால் மகனும் வந்தான்.

"ஃபேனுக்குக் கீழதாம்மா போடச் சொல்லியிருக்கேன்" என்றார் பெரியவர்.

ஃபேனுக்குக் கீழே என்றால் பஞ்சு இன்னும் நன்றாகப் பறக்கும். 

"முதலாளி, எனக்கு ஒரு கால் மணி நேரம் தாங்க. தம்பி, இப்படி உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான். இந்தா, இந்தப் பக்கத்த அடிங்க. மவுசைத் தொடக்கூடாது. நான் சொன்ன பொறவு தொடலாம்."

வைகுண்டராஜ் அப்பாவைப் பார்த்தான். "உக்காருலே" என்றார் அவர், நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு.

உட்கார்ந்தான். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நீட்டிக்கொண்டு கீபோர்டுக்கு மேலே கோழி தீனி தேடுவதுபோல் தேட ஆரம்பித்தான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ராஜரத்தினம் ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டார்.

"என்னலே தேடுத?"

"கியூவை."

"எட்டு மாசம் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனியே."

"அங்க மவுசுதாம்பா சொல்லிக்கொடுத்தாங்க."

ஜன்னலுக்கு வெளியே ஏட்டையா வந்து நின்றுகொண்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. கடிகாரத்தில் பன்னிரண்டு நிமிஷம் போனது. திரையில் ஏழு வரி வந்திருந்தது.

"போதும் தம்பி. இப்ப மவுசைத் தள்ளுங்க. அழுத்தக்கூடாது, சும்மா தள்ளணும்."

தள்ளினான். அம்பு நின்ற இடத்தில் நின்றது. இன்னொரு தடவை வேகமாக இழுத்தான். நின்றது.

"எனக்கு ஒரு நாளும்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "செல்லு தீந்துருக்கும்."

"இப்ப ஒரு தடவ அழுத்துங்க."

அழுத்தினான். அம்பு ஓடியது.

"பத்து நிமிசம் சும்மா கெடந்தா தூங்கிரும் முதலாளி. அழுத்துனா முழிக்கும். நான் பாத்துப் பாத்து அழுத்துற ஆளு, அதனால எனக்கு முழிக்கல. இப்பத் தெரிஞ்சு போச்சு. அம்பைக் காலி எடத்துல நிப்பாட்டிட்டு அடிக்க ஆரம்பிச்சா ஒரு தொந்தரவும் கெடையாது. புதன்கிழமையிலருந்து நான் தம்பியக் கூப்பிடவே இல்ல, கேட்டுப் பாருங்க."

"கூப்பிட்டாங்களாலே?"

"இல்லப்பா."

"அமுக்காம வயர்லெஸ் பேசாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் ஏட்டையா வெளியிலிருந்து.

"நீரு உசரம்னு சொன்னீரு" என்றாள் கிருபாபாய்.

ராஜரத்தினம் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் அந்த ஏழு வரியையும் படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இதுல எத்தன தப்பு கிருபா?"

"ஒம்பது முதலாளி."

"நீ வராம இந்தக் கம்பெனி டெண்டர இவன் அடிச்சா, ஒரு ஆஸ்பத்திரிக்காரனும் நம்மகிட்டத் துணி வாங்க மாட்டான்." எழுந்தார். "போலே. மதுரைக்குப் போனப் போடு."

"சொன்ன பேச்ச மாத்துனா..."

"மாத்து. சொன்னவன் நீதான? நீயே மாத்து. நான் கேக்கணும், இந்த ரூமுலருந்து."

வைகுண்டராஜ் எதிர் அறைக்குப் போனான். இரண்டு கதவும் திறந்திருந்தன. நம்பரைச் சுழற்றுகிற சத்தம் கேட்டது. லைன் கிடைத்தது.

"வணக்கம், ராஜபாளையத்துலருந்து பேசுறேங்க... ஆமா, ஒண்ணாந் தேதி வரச் சொல்லியிருந்தோம்ல... இல்லைங்க, வேண்டாங்க. எங்ககிட்ட ஆளு இருக்காங்க."

அந்தப் பக்கத்தில் ஏதோ கேட்டார்கள்.

"மவுசா? அதெல்லாம் அவங்களுக்கு நல்லா ஓடுது."

கிருபாபாய் அவன் அடித்த ஏழு வரியையும் அழித்துவிட்டு, பக்கத்தை முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தாள்.